கும்மி அரங்கேற்ற வீடியோ: நடுவில் படம் சேர்த்தால் பாட்டு அறுந்து போகிறது, என்ன செய்யலாம்?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. எங்க ஊரு சென்னிமலைக்குத் தெக்கால. வீட்டுப் பொம்பளைங்க, காலேஜ் புள்ளைங்க, பள்ளிக்கூடத்துக் குழந்தைங்கன்னு எல்லாருமாச் சேர்ந்து பொழுதோட கோயில் மைதானத்துல வள்ளி கும்மி (வள்ளி கதையைப் பாட்டாப் பாடி வட்டமா ஆடுற ஆட்டம்) பழகி, போன மாசம் அரங்கேற்றம் நடந்துச்சு. எதுக்கால ஸ்டாண்டு போட்டு ஒரு போன்ல முழுசா எடுத்திருக்கோம். ஒரு மணி நாப்பது நிமிஷம் ஓடுது. அதுபோக ஒரம்பரை (சொந்தக்கார) ஆளுங்க எடுத்த படங்களும் சின்னச் சின்ன வீடியோவும் வாட்ஸ்அப்ல நெம்ப வந்திருக்கு.

முழு வீடியோவுல வட்டம் பூராத் தெரியுது, ஆனா ஒருத்தர் முகமும் தெரியல. அதனால நடுநடுவே அந்தப் படங்களைச் சேர்த்து, கோயில்ல ஸ்கிரீன் கட்டிப் போட்டுக் காட்டலாம், வீட்டுக்கு வீடு பென்டிரைவ்ல குடுக்கலாம்னு இருக்கோம். லேப்டாப்ல விண்டோஸ் 11 கூடவே வந்த கிளிப்சாம்ப் இருக்கு. வேற எடிட்டிங் தெரியாது. வீடியோவை ஒரு எடத்துல வெட்டி நடுவுல படத்தை வெச்சா, படம் நிக்கிற வரைக்கும் பாட்டு நின்னு போகுது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்குது. தாளமே போச்சு. படத்துக்கு ரெண்டு பக்கமும் கருப்பா வேற வருது. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க.

உடுமலைக்காத்து எழுதியது:

அக்கா, வீடியோவை வெட்டவே வேண்டாம். அது கீழ இருக்கிற வரிசையில முழுசா அப்படியே கிடக்கட்டும். படத்தை இழுத்துட்டு வந்து அதுக்கு மேல காலியா இருக்கிற எடத்துல போடுங்க. தானா புதுசா ஒரு டிராக், அதாவது இன்னொரு வரிசை, உண்டாகும். மேல் டிராக்ல இருக்கிறது கண்ணுக்குத் தெரியும், கீழ இருக்கிறதோட சத்தம் தொடர்ந்து ஓடும். படத்தோட ஓரத்தைப் புடிச்சு இழுத்தா நேரம் கூடும், குறையும்.

காலிங்கராயன்கரை எழுதியது:

தம்பி சொன்னதுதான் சரியான வழி. ஏன் அப்படின்னு கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா இது ஒண்ணு புரிஞ்சிட்டா எந்த மென்பொருளை எடுத்தாலும் தடுமாற மாட்டீங்க.

வீடியோ நடுவுல ஒரு படத்தைச் சேர்க்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இருக்கிறதை வெட்டித் திறந்து நடுவுல செருகுறது. அப்படிச் செஞ்சா அதுக்குப் பின்னால இருக்கிற எல்லாமே தள்ளிப் போகும். பிறந்தநாள் படத் தொகுப்பு மாதிரி, சத்தம் முக்கியமில்லாத வேலைக்கு இது போதும். இன்னொண்ணு, இருக்கிறது ஓடிக்கிட்டே இருக்க, அதுக்கு மேல போர்த்துறது. கும்மி மாதிரி பாட்டும் தாளமும் ஒரே ஓட்டமா இருக்கிற எதுக்கும் ரெண்டாவது வழி ஒண்ணுதான். தறி ஓடுற ஊரு, சென்னிமலைக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல: பாட்டுதான் பாவு, படமெல்லாம் ஊடை. பாவு நூலை நடுவுல அறுத்தா அப்புறம் துணி ஏது?

எந்தெந்த மென்பொருள்ல இது எங்க இருக்குன்னா: கிளிப்சாம்ப்ல மேல் டிராக். மேக் வெச்சிருக்கிறவங்க ஐமூவில, கிளிப்புக்கு மேல படத்தை வெச்சா கட்அவேன்னு அதுவே எடுத்துக்கும். போன்ல கைன்மாஸ்டர்னா, மீடியா பட்டன்ல சேர்த்தா செருகும். லேயர் பட்டன்ல போய்ச் சேர்த்தா போர்த்தும். இன்ஷாட்ல பிஐபின்னு (படத்துக்குள்ள படம்) இருக்கும். ஷாட்கட்ல இது இன்னும் தெளிவு. வி (V) விசையை அமுத்துனா செருகி மத்ததைத் தள்ளும், பி (B) விசையை அமுத்துனா அந்த எடத்துல இருக்கிறதை அழிச்சு அது மேலயே எழுதும். கவனிக்கோணும், ஒரே டிராக்ல பி அமுத்துனா கீழ் வீடியோவோட சத்தமும் சேர்ந்து போயிரும். அதனால கன்ட்ரோல் ஐ அமுத்தி மேல ஒரு புது வீடியோ டிராக் உண்டாக்கி, அதைத் தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் பி போடுங்க.

எந்த மென்பொருளா இருந்தாலும் ஒரு மணி நாப்பது நிமிஷத்தை ஒரே கோப்பா வெச்சு வேலை செய்யாதீங்க. பிள்ளையார் பாட்டு தனி, தினைப்புனம் காக்கிற பாட்டு தனி, கல்யாணப் பாட்டு தனின்னு பாட்டு வாரியா ஒரு திட்டம் (ப்ராஜெக்ட்) போடுங்க. லேப்டாப் திணறாது. ஒண்ணு கெட்டாலும் மத்தது தப்பிச்சுக்கும்.

தாராபுரம் தம்பி எழுதியது:

நான் இன்னும் பழைய லேப்டாப்ல விண்டோஸ் மூவி மேக்கர்தான் வெச்சிருக்கேன். அதுல மேல வைக்க எடமே இல்லைங்களே?

காலிங்கராயன்கரை எழுதியது:

இல்லதான் தம்பி. நீங்க வெச்சிருக்கிறது 2012 பதிப்புன்னா அதுல படமும் வீடியோவும் ஒரே வரிசையிலதான் நிக்கும். படத்தைப் போட்டா 7 விநாடிக்கு நிக்கும், பின்னால இருக்கிறது நகரும். 2000-ல விண்டோஸ் எம்இ கூட வந்த காலத்துல இருந்து, வீட்டுல படங்களைக் கோத்து ஒரு பாட்டைப் பின்னால ஓட விடுறதுக்கு நெம்ப நல்ல சாதனமா இருந்துச்சு. 2017 ஜனவரியோட மைக்ரோசாப்ட் அதை நிறுத்திருச்சு. இப்ப அந்தப் பேரைப் போட்டு இணையத்துல கிடைக்கிறதை இறக்காதீங்க. அசல் எங்கயும் அதிகாரபூர்வமா இல்ல. உங்க லேப்டாப் தாங்கும்னா ஷாட்கட் போடுங்க. இலவசம், திறந்த மூலம், படத்து மேல யாரோட முத்திரையும் விழாது. கம்ப்யூட்டர் மெதுவா இருந்தா அதோட அமைப்புல பிராக்சின்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுவிட்டா சின்ன நகல்களை வெச்சு வேலை செஞ்சுக்கும். கடைசியில எக்ஸ்போர்ட் பண்ணும்போது, அதாவது முடிச்ச வீடியோவைத் தனிக் கோப்பா வெளிய எடுக்கும்போது, அசலை எடுத்துக்கும்.

கோபி பழைய ஸ்டுடியோ எழுதியது:

நொய்யல்கரை அம்மணிக்கு வணக்கம். கேசட் காலத்தில் கோபி பக்கத்துக் கல்யாணங்களுக்கு எடிட்டிங் செய்தவன் என்கிற முறையில் இரண்டு வார்த்தை.

செருகுவது, போர்த்துவது என்கிற இந்த வேறுபாடு கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. டேப்பில் டேப்புக்கு ஏற்றிய நாளிலேயே டெக்கில் இரண்டு பட்டன் இருக்கும். அசெம்பிள் எடிட் என்றால் அந்த இடத்திலிருந்து படம், ஒலி எல்லாவற்றையும் புதிதாகப் பதித்துக்கொண்டு போகும். இன்செர்ட் எடிட் என்றால் படத்தை மட்டும் மாற்றி, கீழே ஓடும் ஒலித் தடத்தைத் தொடாமல் விட்டுவிடும். நாதஸ்வரம் நிற்காமல் ஓட, மேலே இணைச்சீர்ச் சடங்கு நடக்கிறதையும் பந்தியையும் மாற்றி மாற்றிக் காட்டினோமே, அது இன்செர்ட் எடிட்தான். இன்று மேல் டிராக் என்று சொல்வது அதே வேலை.

படத்தை எப்படி வைப்பது என்று தெரிந்துவிட்டது. எங்கே வைப்பது என்பதில்தான் கைவேலை இருக்கிறது. பாட்டில் ஒரே வரியைத் திருப்பிப் பாடும் இடங்கள் இருக்கும். அடவும், அதாவது ஆட்ட அசைவும், அப்போது திரும்ப வரும். முதல் முறை வட்டத்தை முழுசாகக் காட்டுங்கள், திரும்ப வரும்போது முகங்களை வையுங்கள். அடவு மாறுகிற நேரத்தில், வட்டம் திசை திரும்புகிற நேரத்தில் ஒரு படத்தையும் வைக்கக் கூடாது. பார்க்கிறவர் மறுபடி வட்டத்துக்கு வரும்போது எல்லோரும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள், கண் தடுமாறும்.

படம் மாறுவது கொட்டோடு மாற வேண்டும். ஒலியின் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கை கொட்டும் இடமும் பம்பை அடி விழும் இடமும் ஊசி ஊசியாக நிற்கும். படத்தின் ஆரம்ப ஓரத்தை ஒரு ஊசியிலும், முடிகிற ஓரத்தை இன்னொரு ஊசியிலும் பொருத்துங்கள். நான்கு விநாடியா ஐந்து விநாடியா என்று கடிகாரம் பார்க்க வேண்டாம், எத்தனை கொட்டு என்று எண்ணுங்கள். மென்பொருள் தானாகக் கொடுக்கிற நேரத்தை நம்பாதீர்கள். ஐமூவி 4 விநாடி கொடுக்கும், ஓப்பன்ஷாட் 10 விநாடி கொடுக்கும். இரண்டுக்கும் உங்கள் தாளத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

பின்னலாடை நகர் எழுதியது:

நானும் கும்மி ஆடுறவள்தான், திருப்பூர்ப் பக்கம். எனக்கு இதுல மாறுபட்ட கருத்து இருக்குங்க, சொல்லியே ஆகோணும்.

எங்க குழுவோட அரங்கேற்ற வீடியோவை நல்லாப் பண்றோம்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போய், பாட்டுக்கு ரெண்டு மூணு படம் போட்டு, பூ விழுற மாதிரி, புத்தகம் திருப்புற மாதிரி எல்லாம் செஞ்சு குடுத்தாங்க. பார்க்க அழகுதான். ஆனா அடுத்து புதுசா சேர்ந்த புள்ளைங்களுக்குப் பழகுறதுக்குப் போட்டுக் காட்டுனா, கால் வைக்கிற எடம் வர்றப்பவெல்லாம் யாரோ ஒருத்தரோட சிரிச்ச முகம் நிக்குது. எத்தனை எட்டு முன்னால, எத்தனை பின்னால, எப்பத் திரும்புறதுன்னு தெரியவே இல்ல. எங்க ஆசிரியர் வாயாலயே சொல்லிக் குடுக்கிறவர், எழுதி வெச்ச நோட்டு கிடையாது. அந்த வீடியோதான் எங்களுக்கு நோட்டு.

கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, வள்ளி ஒயில் கும்மியை அத்தனை வருஷம் சொல்லிக் குடுத்ததுக்காக, பொம்பளைங்களையும் ஆட வெச்சதுக்காக. அவரு மாதிரி பெரியவங்க கிட்ட இருந்து வந்த அடவுகளை நாம போன்ல முழுசாப் புடிச்சிருக்கோம். அதை நாமளே மறைக்கலாமா? முகம் வேணும்னா ஆல்பம் போட்டுக்கலாம். ஆட்டத்தை ஆட்டமா விடுங்க.

கோபி பழைய ஸ்டுடியோ எழுதியது:

அம்மணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வீடியோ கோயிலில் ஓடும்போது முன்னால் உட்காரப் போவது யார்? பேத்தி ஆடினதைப் பார்க்க வந்த அப்புச்சியும் ஆத்தாவும். ஒரே நிறச் சேலையில் அத்தனை பேர் சுற்றும்போது அவர்களுக்குத் தங்கள் பிள்ளை எது என்று தெரியாது. கல்யாண வீடியோவில் வந்தவர்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்று நாங்கள் அலைந்ததற்குக் காரணம் அதுதான். ஆட்டத்தை விட்டுவிட்டு முகத்தை வை என்று நான் சொல்லவில்லை, திரும்ப வரும் வரியில் வை என்கிறேன்.

பின்னலாடை நகர் எழுதியது:

திரும்ப வர்ற வரின்னு உங்களுக்குத் தோணுறதுல சில எடத்துல அடவு மாறும் ஐயா. பாட்டு அதேதான், முதல் தடவை ஒத்தக் கொட்டு, ரெண்டாந்தடவை ரெட்டைக் கொட்டு. ஆடுறவங்களுக்குத்தான் தெரியும். அதனால வெக்கிறதுக்கு முன்னால ஆடுன ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு வையுங்க.

கோபி பழைய ஸ்டுடியோ எழுதியது:

இது நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன்.

காலிங்கராயன்கரை எழுதியது:

ரெண்டு பேர் சொல்றதையும் ஒரே வேலையில முடிச்சிரலாம். போர்த்துறதுல இருக்கிற பெரிய வசதியே அதுதான்: கீழ இருக்கிற முழு ஆட்டம் எங்கயும் போகல. படங்களெல்லாம் மேல் டிராக்ல மட்டும் இருக்கிறபடி பார்த்துக்குங்க. ஷாட்கட்ல அந்த டிராக்குக்குப் பக்கத்துல கண் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அமுத்துனா டிராக் மறையும். மறைச்சுட்டு ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அது ஆசிரியருக்கும் பழகுற புள்ளைங்களுக்கும். காட்டிட்டு ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அது வீட்டுக்கு. கிளிப்சாம்ப்ல செய்யறதா இருந்தா திட்டத்துக்கு ஒரு நகல் எடுத்துட்டு, நகல்ல இருக்கிற படங்களை அழிச்சிருங்க.

செருகி வேலை செஞ்சிருந்தா இது நடக்காது. முழு ஆட்டம் திரும்ப வேணும்னா முதல்ல இருந்து கட்டோணும்.

நொய்யல்கரை எழுதியது:

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு பதிப்பாவே பண்ணிடறோம். பின்னலாடை நகர் அக்கா, நீங்க சொன்னபடி ஆடுன புள்ளை ஒருத்தியைக் கூட உக்கார வெச்சுக்கறேன். மேல் டிராக்ல போட்டுப் பார்த்தேன், பாட்டு நிக்கல. ஆனா கருப்பு வர்றது இன்னும் இருக்கு. படத்தைப் போட்டா ரெண்டு பக்கத்துல கருப்பு, இல்லைன்னா அந்தப் பக்கமா கீழ இருக்கிற ஆட்டம் தெரியுது. ஃபில் குடுத்தா தலை வெட்டுது. நின்ன வாக்குல (போனை நிமிர்த்திப் புடிச்சு) எடுத்த வீடியோ நெம்ப இருக்கு, அதையும் என்ன பண்றதுன்னு தெரியல.

உடுமலைக்காத்து எழுதியது:

அக்கா, வீடியோவோட சட்டம் 16க்கு 9. அதாவது 1920க்கு 1080 புள்ளி. போன்ல எடுக்கிற படம் பெரும்பாலும் 4க்கு 3. அகலம் பத்தாது, அதான் ரெண்டு பக்கமும் காலி. ஃபிட்னா முழுப் படமும் தெரியும், காலி எடமும் வரும். ஃபில்னா காலி எடம் வராது, மேலயும் கீழயும் வெட்டும். ஃபில் குடுத்துட்டு அப்படியே விடாதீங்க. கிராப் பண்ற எடத்துல போய் தலை தெரியற மாதிரி நீங்களே அளவு வையுங்க. காலுக்குக் கீழ இருக்கிற மண் போனா பரவாயில்ல.

வெட்டவே முடியாத குழுப் படம்னா, அதே படத்தை ரெண்டு தடவை போடுங்க. கீழ இருக்கிறதைப் பெருசாக்கி மங்கலாக்குங்க, அதுக்கு மேல முழுப் படத்தை வையுங்க.

நின்ன வாக்கு வீடியோவுக்கு நான் செய்யறது வேற. 1080 உயரத்துல அது 607 புள்ளி அகலம்தான் வரும். மூணை வரிசையா வெச்சா 1822. 1920-க்குள்ள சரியா அடங்கிடும். மூணு பேர் மூணு பக்கத்துல இருந்து எடுத்த ஒரே அடவை ஒரே நேரத்துல காட்டலாம். யானை வர்ற பாட்டுல வள்ளி பயந்து ஓடுற எடம் மாதிரி, நெம்பக் கலகலன்னு இருக்கிற எடத்துக்கு இதை வெச்சுப் பாருங்க.

காலிங்கராயன்கரை எழுதியது:

துண்டு வீடியோ சேர்க்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. படம் அசையாது, எங்க வெச்சாலும் ஒத்துப் போகும். ஆட்டத்தோட வீடியோ அப்படியில்ல. கீழ ஓடுற பாட்டுல கொட்டு விழும்போது மேல இருக்கிறவங்க கையும் சேரோணும். அதனால துண்டு வீடியோவைச் சேர்த்த உடனே அதோட சத்தத்தை நிறுத்திராதீங்க. முதல்ல அதோட அலையையும் கீழ் அலையையும் பார்த்து அதே கொட்டை அதே கொட்டோட பொருத்துங்க. பொருந்துனப்புறம் நிறுத்துங்க.

அப்பவும் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி தோணுனா காரணம் இருக்கு. சத்தம் ஒரு விநாடிக்கு 340 மீட்டர் கிட்டப் போகும். ஸ்பீக்கர்ல இருந்து 34 மீட்டர் தள்ளி நின்னு எடுத்த போன்ல பாட்டு பத்துல ஒரு விநாடி தாமதமாத்தான் பதிஞ்சிருக்கும். விநாடிக்கு 30 சட்டம் (ஃப்ரேம்)னா அது 3 சட்டம். கண்ணால கையைப் பார்த்து ரெண்டு மூணு சட்டம் முன்னால பின்னால நகர்த்திச் சரி பண்ணிக்குங்க.

நீளமான போன் வீடியோவுல இன்னொரு தொந்தரவு வரும். போன் எல்லா நேரமும் ஒரே வேகத்துல சட்டம் எடுக்காது, வெளிச்சம் குறைஞ்சா வேகம் மாறும். அதனால சில மென்பொருள்ல போகப் போகப் படமும் சத்தமும் விலகும். ஷாட்கட் அப்படிக் கோப்பைத் திறக்கும்போது, எடிட்டிங்குக்கு ஏத்தபடி மாத்திக்கலாமான்னு கேக்கும். மாத்திக்குங்க. கோப்பு பெருசாகும், ஆனா விலகாது.

நொய்யல்கரை எழுதியது:

மைக்செட் அண்ணன் மிக்சர்ல இருந்து பாட்டைத் தனியா ரெக்கார்டு பண்ணி பென்டிரைவ்ல குடுத்திருக்காருங்க. போன் சத்தத்தை விட நெம்பத் தெளிவா இருக்கு. அதைப் போடலாமுங்களா?

காலிங்கராயன்கரை எழுதியது:

கட்டாயம் போடுங்க. ஆனா போன் சத்தத்தை முழுசா எடுத்துராதீங்க. மிக்சர்ல ஆசிரியர் பாட்டும் மைக் வெச்ச வாத்தியமும் மட்டும்தான் இருக்கும். இத்தனை பேர் கை கொட்டுற சத்தம், சலங்கை, கூட்டத்துல குலவை எல்லாம் போன்லதான் இருக்கு. மிக்சர் சத்தத்தை முழுசா வெச்சு, போன் சத்தத்தைத் தணிச்சுக் கூட ஓட விடுங்க. ரெண்டும் தனித்தனிக் கருவிங்கிறதால முதல் பாட்டுல பொருத்துனது கடைசிப் பாட்டுல லேசா விலகியிருக்கும். பாட்டு வாரியா தனித் திட்டம் போடச் சொன்னேன்ல, இங்க அது உதவும். ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் புதுசாப் பொருத்திக்கலாம்.

தாராபுரம் தம்பி எழுதியது:

நானும் இதைப் படிச்சுட்டு ஷாட்கட் போட்டுப் பார்த்தேன். படமெல்லாம் பென்டிரைவ்ல இருந்து நேரா சேர்த்து வேலை செஞ்சுட்டு, பென்டிரைவைக் கழட்டி வெச்சுட்டேன். மறுநாள் திறந்தா கோப்பைக் காணோம்னு சொல்லுது. சேர்த்ததெல்லாம் போயிருச்சுங்களா?

உடுமலைக்காத்து எழுதியது:

ஒண்ணும் போகல. பென்டிரைவை மாட்டுங்க, வந்துரும். சேர்க்கிறதுன்னு சொல்றோமே தவிர, எந்தப் படமும் திட்டத்துக்குள்ள போய் உக்கார்றதில்ல. எந்த ஃபோல்டர்ல எந்தக் கோப்பு, எத்தனாவது விநாடியில வைக்கோணும்னு மட்டும்தான் அது எழுதி வெச்சிருக்கும். அதனாலதான் திட்டக் கோப்பு அத்தனை சின்னதா இருக்கு. பேரை மாத்துனாலும் காணோம்னு சொல்லும், ஃபோல்டரை நகர்த்துனாலும் சொல்லும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு ஃபோல்டர் போட்டு, படம், துண்டு வீடியோ, முழு வீடியோ, மிக்சர் சத்தம் எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணிட்டு, பேர் மாத்தறதா இருந்தா அப்பவே மாத்திட்டு, அதுக்கப்புறம் இம்போர்ட் பண்ணுங்க.

பின்னலாடை நகர் எழுதியது:

வாட்ஸ்அப்ல வந்த படத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. அதை அப்படியே ஸ்கிரீன்ல போட்டா மங்கலா இருக்கும். படமா அனுப்புனா வாட்ஸ்அப் சுருக்கிடும். எடுத்தவங்க கிட்ட டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அசல் அப்படியே வரும். வீடியோவுக்கும் அப்படித்தான், 2 ஜிபி வரைக்கும் போகும். முகத்தை மெதுவாப் பெருசாக்கிக் காட்டுறதா இருந்தா அசல் இல்லாம முடியவே முடியாது.

இன்னொண்ணு. சுருங்கி வந்த படத்துல எத்தனை மணிக்கு எடுத்ததுங்கிற விவரம் இருக்காது. கோப்புப் பேர்ல இருக்கிற தேதியும் டபிள்யூஏ எண்ணும் வாட்ஸ்அப்ல வந்த வரிசைதான். அதை நம்பி வரிசைப்படுத்துனா கல்யாணப் பாட்டுல எடுத்த முகம் பிள்ளையார் பாட்டுல வந்து நிக்கும். அசல் வந்தா எடுத்த நேரம் தெரியும், எந்தப் பாட்டுல எடுத்ததுன்னு கண்டுபுடிச்சு அங்கயே வைக்கலாம். அப்படித்தான் வைக்கோணும், பார்க்கிறவங்களுக்கு அது தெரியும். ஐபோன்ல எடுத்தவங்க படம் சில கம்ப்யூட்டர்ல திறக்காது. ஹெய்க்னு முடியும். அவங்களை ஜேபெக்கா மாத்தி அனுப்பச் சொல்லிருங்க.

நொய்யல்கரை எழுதியது:

அசல் கேட்டு எல்லாருக்கும் சேதி போட்டிருக்கேனுங்க, வந்துட்டு இருக்கு. கண்ணால பார்த்தாலே வித்தியாசம் தெரியுது. இப்ப ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் அந்தப் பாட்டோட பேரும், கடைசியில ஆடுனவங்க பேரும் தமிழ்ல போடோணும். எழுதுனா ஒரு எடத்துல கட்டங்கட்டமா வருது, இன்னொரு எடத்துல கொம்பு தனியா எழுத்து தனியா நிக்குது.

கோபி பழைய ஸ்டுடியோ எழுதியது:

அழைப்பிதழ் அடித்தவரிடமிருந்து வாங்கிய எழுத்தாக இருந்தால் அது பாமினி போன்ற பழைய முறையாக இருக்கும். யூனிகோடில் எழுதுங்கள், விண்டோஸில் நிர்மலா இருக்கும், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். அப்படியும் உடைந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு எங்காவது சரியாக வருகிற இடத்தில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, அந்தப் படத்தை மேல் டிராக்கில் வையுங்கள். படமாகிவிட்ட எழுத்து எங்கு போனாலும் உடையாது.

பெயர்களை வேகமாக ஓட விடாதீர்கள். ஆசிரியர் பெயர் தனியாக, வாத்தியக்காரர்கள் பெயர் தனியாக, பிறகு ஆடியவர்கள். பம்பை அடித்தவர்கள் பெயரைப் போடாமல் விட்ட வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இல்லாமல் கும்மி நடக்காது.

காலிங்கராயன்கரை எழுதியது:

எக்ஸ்போர்ட் பத்தியும் சொல்லிடறேன். கிளிப்சாம்ப் இலவசத்துலயே 1080 வரைக்கும் குடுக்கும், அது போதும். ஷாட்கட்னா எச்.264ங்கிற சுருக்க முறையை எடுத்து, விநாடிக்கு 8 மெகாபிட் வையுங்க. ஆட்டம் வேகமா இருக்கிறதால அதுக்குக் கீழ இறக்குனா சேலை மடிப்பெல்லாம் கட்டங்கட்டமா உடையும். 8 மெகாபிட்னா விநாடிக்கு 1 எம்பி. உங்க ஒரு மணி நாப்பது நிமிஷம் 6,000 விநாடி, அதாவது 6 ஜிபி.

பென்டிரைவ்ல இங்கதான் தகராறு வரும். ஃபேட்32 முறையில இருக்கிற பென்டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துனா ஏறும், ஆனா பழைய டிவி சிலது அதைப் படிக்காது. நீங்க பாட்டு வாரியா வெச்சிருக்கிறதால பாட்டுக்கு ஒரு கோப்பாவே எக்ஸ்போர்ட் பண்ணுங்க. 01, 02னு முன்னால எண் போட்டுப் பேர் வெச்சா டிவியில வரிசையா வரும். பெரியவங்களுக்கும் வேண்டிய பாட்டைத் தேடிப் போட லேசு.

உடுமலைக்காத்து எழுதியது:

யூடியூப்ல போடறதா இருந்தா, போன் நம்பர் குடுத்து சரிபார்க்காத கணக்குல 15 நிமிஷத்துக்கு மேல ஏறாது. அதை முதல்ல முடிச்சுக்குங்க அக்கா.

பின்னலாடை நகர் எழுதியது:

யூடியூப்ல போடறதுக்கு முன்னால ஆசிரியரைக் கேளுங்க, பாட்டு அவரோடது. குழந்தைங்க முகத்தைக் கிட்டத்துல காட்டியிருந்தா அவங்க அம்மா அப்பாவையும் கேளுங்க. கோயில் ஸ்கிரீன்ல ஊர்க்காரங்க பார்க்கிறது வேற, உலகம் பூராப் பார்க்கிறது வேற. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாலும், இணைப்பு வெச்சிருக்கிறவங்க மட்டும் பார்க்கிற மாதிரி போட்டு வையுங்க.

நொய்யல்கரை எழுதியது:

ஆசிரியரைப் போய்ப் பார்த்துட்டு வந்தேனுங்க. முழு ஆட்டப் பதிப்பை இணையத்துல எல்லாரும் பார்க்கிறபடி போடச் சொல்லிட்டாரு, மத்த ஊர்ல பழகுறவங்களுக்கு ஆகட்டும்னு. முகம் சேர்த்த பதிப்பு ஊருக்குள்ள மட்டும். தினைப்புனப் பாட்டு ரெண்டு பதிப்புலயும் முடிஞ்சிருச்சு. மிக்சர் சத்தமும் கை கொட்டுற சத்தமும் சேர்ந்து கேக்கிறப்ப நெம்ப நல்லா இருக்கு. அடுத்தது யானைப் பாட்டு. அதுல நின்ன வாக்கு வீடியோ ரெண்டுதான் இருக்கு, மூணு இல்ல. ரெண்டை வெச்சா நடுவுல காலி வருமுங்களா?

உடுமலைக்காத்து எழுதியது:

ரெண்டை ஓரத்துல வெச்சுட்டு, நடுவுல முழு வீடியோவையே விட்டுருங்க அக்கா. கீழ் டிராக் தானாத் தெரியும். வட்டத்தோட நடு மட்டும் அந்த 700 புள்ளி அகலத்துக்குள்ள வர்ற மாதிரி லேசா நகர்த்திக்குங்க, போதும்.